மைனஸ் மூன்று

ரீகாவில் ஏழாம் மாடி. காலை எட்டு மணிக் கூட்டம்.
சுவர் அகலத் திரையில் எல்லாம் பச்சை,
ஒரு கட்டம் மட்டும் சிவப்பு:
கடலோரக் கிடங்கு, புகையிட்ட மீன், எண்ணெயில்.
இருப்பு: மைனஸ் மூன்று பேலட்.

இல்லாததை விடவும் குறைவாக
ஒரு பொருள் எப்படி இருக்கும் என்று
நிதி இயக்குநர் கேட்டார்.
யாரும் சிரிக்கவில்லை.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இது ஏட்டிடமே கடன் வாங்கிய சுரைக்காய்.

மென்பொருளை நிறுவியது நான்தான்.
ஆகவே நான்தான் போனேன்.
இரண்டு மணி நேரப் பேருந்து,
ஜன்னலில் பைன் மரம், பைன் மரம், பைன் மரம்,
திடீரென்று கடல், யாரோ பக்கத்தைப் புரட்டியதுபோல.

கிடங்கில் ஸ்கைத்ரீதே வணக்கம் சொல்லவில்லை,
ஒரு கம்பளிக் கோட்டை நீட்டினாள்.
"உள்ளே நாலு டிகிரி."
எண்ணினோம்.
டப்பாக்களில் மீன்கள், குழுப் புகைப்படத்துக்கு
நெருக்கி நிற்பவர்களைப் போல.
அந்தத் தொகுதி எண்ணுக்கு நேரே வெறும் தரை.
வெறும் தரையை இரண்டு முறை எண்ணினோம்.
விதி அப்படி. விதியை எழுதியதும் நான்தான்.

புகைக்கூடத்திலிருந்து சரக்கு வந்தால்
இமன்ட்ஸ் கட்டைவிரல் வைத்து வரவு பதிய வேண்டும்.
வெளியே போனால் வாசல் தானாகவே செலவு பதியும்.
ஐந்தேகாலுக்கு லாரி; துறைமுகத்தில் கப்பல் நிற்காது.
வரவுக்கு முன்னால் செலவு, அவ்வளவுதான் மர்மம்.
கண்டுபிடித்துவிட்டேன் என்று ரீகாவுக்கு எழுதினேன்.
ஒரு பூட்டுப் போட்டேன்:
வரவு இல்லையேல் கதவு திறக்காது.

மறுநாள் திரை முழுக்கப் பச்சை.
எட்டு மணிக்கு எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.
நான் அதைக் கிடங்கு வாசலில் நின்று படித்தேன்,
கதவுக்கு இந்தப் பக்கம் மூன்று பேலட்,
அந்தப் பக்கம் பனியில் ஒரு லாரி,
கப்பல் எப்போதோ போயிருந்தது.

இமன்ட்ஸ் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தான்.
அடையாளம் தெரியவில்லை.
கால்சட்டையில் துடைத்து வைத்தான்.
அடையாளம் தெரியவில்லை.
ஊதினான், அக்குளில் செருகினான், மறுபடி வைத்தான்.
பதினெட்டு வருட ஆல்டர் புகையும் எண்ணெயும்
ரேகையை வழுவழுப்பாக்கி வைத்திருந்தன.
"ஒன்பது மணிக்குக் கை சூடாகிவிடும்," என்றான்,
மன்னிப்புக் கேட்பவன் போல. "அப்போது படிக்கும்.
சில நாள் மறந்துவிடுவேன்."

தாமதத்துக்குக் காரணம் குறிக்க ஒரு பட்டியல் உண்டு:
சேதம். திருட்டு. காலாவதி. மற்றவை.
மூன்று வருடமாக இமன்ட்ஸ் 'மற்றவை'யைத்தான் தொட்டிருக்கிறான்.
ஆண்டறிக்கையின் வட்டப் படத்தில்
பாதிக்கு மேல் சாம்பல் நிறம்.
அந்த நிறத்தைத் தேர்ந்ததும் நான்தான்,
கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்று.

பூட்டை எடுத்துவிட்டேன்.
விரலுக்குப் பதில் ஓர் அட்டை கேட்டு
விண்ணப்பம் பதிந்திருக்கிறேன்.
மூன்று மேலாளர்கள் ஒப்புதல் தர வேண்டும்.
நிலை: பரிசீலனையில்.

அடுத்த கூட்டம். சிவப்புக் கட்டம் அதே இடத்தில்.
பதினோரு முகங்கள் என் பக்கம் திரும்பின.
"ஒன்பது வரை பொறுங்கள்," என்றேன்.
"அங்கே ஒருவருக்குக் கை விறைத்திருக்கிறது."
சொன்ன பிறகுதான் தெரிந்தது,
அந்த அறையில் வெப்பநிலையைப் பற்றி
இதற்கு முன் யாரும் பேசியதில்லை.
காப்பி ஆறியது. யாரோ பேனாவைத் திறந்து மூடினார்.
தன் கட்டைவிரலை ஒருவர்
மேஜைக்கடியில் பார்த்துக்கொண்டார்.

எட்டு ஐம்பத்தாறு.
சிவப்பு அணைந்தது.
பூஜ்யம்.

"அடுத்த பக்கம்," என்றார் நிதி இயக்குநர்.